வழிமொழிய ஆள் வேணும்

பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பிப்பது ஒரு தொழில். மன்றங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பது அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு தொழில், அதற்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு வருடமாவது ஒரு தமிழ் மன்றத்துக்கோ விஞ்ஞான மன்றத்துக்கோ பொறுப்பாக இருந்திருந்தால், நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்கள் பக்கத்தில் வந்து இருங்கள், உங்களுக்கும் ஒருநாள் வரும்.

நான் படிப்பிப்பது வர்த்தகம். வீடு யாழ்ப்பாணத்து உடுவிலில். பள்ளிக்கூடம் நீர்வேலிக்கு அங்காலே, ஒரு ஒழுங்கையின் முடிவில், மூன்று பக்கமும் வாழைத்தோட்டம். முதலாம் வகுப்பில் தொடங்கிப் பதினோராம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடம். வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். மன்றங்கள் மட்டும் ஒன்றும் குறைவதில்லை.

பல்லுப் பிடுங்கிய நாள்

எனக்கு இந்தப் பதவி கிடைத்தது நான் பல்லுப் பிடுங்கப் போன நாளில். வருடத் தொடக்கத்தில் ஆசிரியர் கூட்டம் வைத்து யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று பிரிப்பார்கள். நூலகம் ஒருவருக்கு, விளையாட்டு ஒருவருக்கு, சிற்றுண்டிச்சாலை ஒருவருக்கு. நான் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்த அதே நேரத்தில், விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் எழும்பி, எல்லா மன்றங்களுக்கும் பொறுப்பாக என் பெயரை முன்மொழிந்திருக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் வழிமொழிந்திருக்கிறார். மறுப்புச் சொல்ல ஆள் இல்லாதபடியால் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது.

அடுத்த நாள் வீங்கின கன்னத்தோடு அதிபரின் அறைக்குப் போனேன். கோபம் நிறைய இருந்தது. வாயில் பஞ்சு இருந்தபடியால் பாதிதான் வெளியே வந்தது. என்னைக் கேட்காமல் எப்படி என்று சைகையும் சத்தமுமாகக் கேட்டு முடித்தேன். எங்கள் அதிபர் பகிடிக்காரர். எந்தப் பிரச்சினைக்கும் முதலில் தேநீர் சொல்லுவார், பிறகு ஒரு பகிடி விடுவார், அதற்குள் பிரச்சினையைக் கொண்டுவந்தவர் களைத்துப்போவார். எனக்கும் தேநீர் வந்தது, குடிக்கத்தான் முடியவில்லை. அவர் சொன்னார்: "நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்களை நினைச்சிருக்கிறம் ரீச்சர், அதை யோசிச்சுப் பாருங்கோ."

எந்த மன்றத்துத் தலைவர்

மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கைக்குப் பெரிய பள்ளிக்கூடம், சின்னப் பள்ளிக்கூடம் என்ற வித்தியாசம் தெரியாது. தமிழ் மன்றம், இந்து மன்றம், விஞ்ஞான மன்றம், ஆங்கில மன்றம், வர்த்தக மன்றம், சுற்றாடல் கழகம், விவசாயக் கழகம், சுகாதாரக் கழகம் என்று எல்லாம் இயங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளைவிடப் பதவிகள் கூடுதல். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் எல்லா மன்றத்திலும் இருந்தார்கள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரே வகுப்பறையில் ஒன்றன்பின் ஒன்றாக மன்றங்களை நடத்துவோம். பிள்ளைகள் எழும்புவதில்லை. கரும்பலகையில் மன்றத்தின் பெயரை அழித்துவிட்டு அடுத்த மன்றத்தின் பெயரை எழுதுவோம், அவ்வளவுதான்.

தலைவர் எல்லாவற்றுக்கும் சஞ்சீவன்தான். பத்தாம் வகுப்பு. நல்ல உயரம், நல்ல குரல், கெட்டிக்காரன். ஒரு புதன்கிழமை பலகையை அழிக்க யாரோ மறந்துபோனார்கள். அவன் ஆங்கில மன்றத்தைத் தேவாரத்தோடு தொடங்கி, சோற்றுக் கஞ்சியின் சத்துகள் பற்றித் தலைமையுரை ஆற்றி, பல்லியின் வால் பற்றிய போன கூட்டத்து அறிக்கையை வாசிக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டான். செயலாளரும் வாசித்தாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, எல்லாரும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் தாங்க முடியாமல் மேசையில் தட்டினேன். சஞ்சீவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மிகவும் பணிவாகக் கேட்டான்: "ரீச்சர், இப்ப நான் எந்த மன்றத்துத் தலைவர்?"

யன்னலோரத்து வாங்கு

மன்றக் கூட்டம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எதையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். போன கூட்டத்து அறிக்கை சரி என்பதையும் அப்படித்தான் ஏற்க வேண்டும், அடுத்த கூட்டம் எப்போது என்பதையும் அப்படித்தான் முடிவுசெய்ய வேண்டும். முன்மொழிகிறவர்கள் பலர் வருவார்கள். வழிமொழிகிறவள் எங்களுக்கு ஒருத்திதான். யன்னலோரத்து மூன்றாவது வாங்கில் இருந்த லக்சிகா. சஞ்சீவனின் வகுப்பு. ஒல்லியான பிள்ளை, வகுப்பில் வாய் திறப்பது அரிது. ஆனால் "இதை வழிமொழிபவர்?" என்று தலைவர் கேட்க முன்னமே அந்த வாங்கிலிருந்து "வழிமொழிகிறேன்" என்று சத்தம் வந்துவிடும். அவள் காய்ச்சலில் வராத ஒரு புதன்கிழமை, முன்மொழிந்த தீர்மானங்கள் எல்லாம் வழிமொழிய ஆளில்லாமல் அந்தரத்தில் நின்றன. நாங்கள் பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

இந்தப் பழக்கம் முற்றிப்போய், ஒருநாள் சஞ்சீவன் யாராவது யன்னலைச் சாத்துங்கோ என்று சொல்ல, அவள் எழும்பி நின்று அதையும் வழிமொழிந்தாள். யன்னல் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்றைக்குக் கூட்டம் முடிந்த பிறகு அவளை மறித்து, ஒரு தடவையாவது நீ ஏதாவது முன்மொழிந்தால் என்ன என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இன்றுவரை மறக்காத பதில் ஒன்று சொன்னாள்: "முன்மொழிஞ்சா ஏன் எண்டு கேப்பினம் ரீச்சர். வழிமொழியிற ஆளை ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம்."

மார்க்ஸ் உண்டோ

யாழ்ப்பாணத்தில் பொறுப்பாசிரியருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, அதன் பெயர் ரியூசன். புதன்கிழமை இரண்டாவது மன்றம் நடந்துகொண்டிருக்கும்போதே வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். சஞ்சீவனின் தகப்பன். பிரதான வீதியில் சிமெந்து, கம்பி விற்கிற கடை வைத்திருக்கிறார். மகனை நகரத்துக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலிக்கு ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போக வந்து நிற்பார். சஞ்சீவன் தலைமையுரையின் நடுவில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மிச்ச உரையை நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

அந்த மனிதனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடையைப் பூட்டிவிட்டு வந்து, மகன் படித்து முடியும்வரை ரியூசன் வாசலில் வெயிலில் நின்று, திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறவர். ஒருநாள் படலையில் வைத்து என்னை மறித்து, மன்றங்களுக்குச் சோதினையில் மார்க்ஸ் ஏதும் உண்டோ என்று கேட்டார். இல்லை, ஆனால் தலைமைத்துவம் வளரும், பேச்சு வளரும் என்று நான் சுற்றறிக்கையில் இருந்ததை அப்படியே ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல விசயம்தான், ரியூசன் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கோவன் என்றார். ரியூசன் இல்லாத நாள் எது என்று கேட்டேன். ஹெல்மெற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல்களில் திங்கள் தொடக்கம் ஞாயிறு மட்டும் எண்ணிப் பார்த்தார். "அப்பிடி ஒரு நாள் இல்லைத்தான் ரீச்சர்."

கூப்பிடு தூரம்

லக்சிகாவை ஏற்ற மோட்டார் சைக்கிள் ஒன்றும் வருவதில்லை. அவளுடைய தகப்பன் வன்னிப் பக்கம் மேசன் வேலை, மாதத்துக்கு ஒருக்கால் வருவார். தாய் மற்றவர்களின் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் போகிறவர். அனேகமான நாட்களில் வேலை பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கமாகவே இருக்கும். முதலாம் வகுப்பில் படிக்கிற தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது லக்சிகாவின் பொறுப்பு. அதனால் புதன்கிழமைகளில் அந்தச் சின்னப்பிள்ளையும் எல்லா மன்றத்திலும் அங்கத்தவர். விஞ்ஞான மன்றம் தொடங்க நித்திரையாகி, சுகாதாரக் கழகத்தில் எழும்பும்.

ஒருநாள் வேலிக்கு அங்கால் நின்று தாய் என்னைக் கூப்பிட்டார். மகளை மன்றத்தில் மறித்து வைப்பதற்கு ஏசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, பதில்களை அடுக்கியபடி போனேன். அவர் ஏசவில்லை. மகள் மன்றத்தில் ஏதோ சொல்கிறாளாம், அது தோட்டத்துக்குக் கேட்கிறதாம், அது என்ன சொல் என்று கேட்டார். வழிமொழிகிறேன் என்றால், ஒருத்தர் சொன்னதை நானும் சொல்கிறேன் என்று பொருள் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "கூப்பிடு தூரத்திலை பள்ளிக்கூடம் இருக்கிறபடியாத்தான் ரீச்சர் இவள் படிக்கிறாள். ரண்டு பஸ் ஏறோணும் எண்டால் நான் எப்பவோ மறிச்சிருப்பன்."

கண்டனத் தீர்மானம்

மரம் நடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. சுற்றாடல் கழகம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வேம்பு, மருது, நாவல் என்று கன்றுகள் நட்டது. அடுத்த மாதம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி இன்னொரு சுற்றறிக்கை. விவசாயக் கழகம் மண்வெட்டியோடு இறங்கி, பின்பக்கத்தைத் துப்புரவாக்கி, வெண்டி விதை போட்டது. துப்புரவாக்கியதில் வேம்பும் போயிற்று, மருதும் போயிற்று. இரண்டு கழகத்திலும் அதே பிள்ளைகள்தான் என்பதை உங்களுக்கு நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் தோட்டக்காரரின் பிள்ளைகள் வேறு. கொத்தத் தொடங்கினால் கை நிற்காது.

சுற்றாடல் கழகம் கொதித்தெழுந்தது. விவசாயக் கழகத்தை வன்மையாகக் கண்டித்துச் சஞ்சீவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான், லக்சிகா வழிமொழிந்தாள். பலகையில் பெயரை மாற்றினோம். விவசாயக் கழகம் அந்தக் கண்டனத்தை ஆராய்ந்து, ஆழ்ந்த கவலை தெரிவித்து, மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதையும் லக்சிகாதான் வழிமொழிந்தாள். திரும்பவும் பெயரை மாற்றி, மன்னிப்பை ஏற்பதா என்று விவாதித்தோம். சிலர் ஏற்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார்கள். வெயில் எரித்துக்கொண்டிருந்தது, படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சஞ்சீவன் வியர்வையைத் துடைத்தான். "ரீச்சர், மன்னிப்புக் கேட்டதும் நாங்கள், மன்னிக்கிறதும் நாங்கள். வீட்டை போவமோ?"

மரியாதையான எதிரணி

விவாதப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடமும் போனது. கைத்தொலைபேசி மாணவருக்கு நன்மையே என்று பெரிய பள்ளிக்கூடம் ஒன்று பேச, தீமையே என்று நாங்கள் பேச வேண்டும். புறப்படும் காலையில் எங்கள் நாலாவது பேச்சாளருக்கு வயிற்றுப்போக்கு. கைக்கு அகப்பட்டது லக்சிகாதான். முழுப் பேச்சையும் பஸ்ஸிலேயே பாடமாக்கினாள். எனக்கு ஒப்புவித்தும் காட்டினாள், ஒரு சொல் பிசகவில்லை.

அவளுக்கு முன்னால் பேசிய மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நன்றாகத்தான் பேசியது. கடைசியில் கைத்தொலைபேசி நன்மையே, நன்மையே, நன்மையே என்று மூன்று தரம் சொல்லி அமர்ந்தது. லக்சிகா எழும்பினாள், நடுவருக்கு வணக்கம் சொன்னாள், வாயில் ஊறிப்போன சொல் அவளுடைய அனுமதியைக் கேட்காமலே வெளியே வந்தது: முன்னர் பேசிய சகோதரியின் கருத்தை வழிமொழிகிறேன். மண்டபம் சிரித்த சிரிப்பில் பாடமாக்கினது எல்லாம் போய்விட்டது. அவள் அப்படியே அமர்ந்துவிட்டாள். தலையை நிமிர்த்தவேயில்லை. எனக்கு அவளைவிட அழுகை வந்தது. நடுவர் நல்ல மனிதர், முடிவு சொல்ல எழும்பினபோது அவளைப் பார்த்துத்தான் முதலில் கதைத்தார்: "எதிரணியிலை இவ்வளவு மரியாதையான ஒரு பிள்ளையை நான் இண்டைக்குத்தான் கண்டிருக்கிறன்."

பகிடி இல்லாத தேநீர்

ஐப்பசி மாதம் ஒருநாள் அதிபர் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் வந்தது, பகிடி வரவில்லை. பிள்ளைகள் குறைந்துபோனபடியால், எங்கள் பத்தாம், பதினோராம் வகுப்புகளைத் தை மாதம் தொடக்கம் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கலாமா என்று மேலிடம் யோசிக்கிறதாம். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்க ஒரு அதிகாரி வருவாராம். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்களே தவிர, மன்றங்கள் எத்தனை என்று கேட்கவில்லை என்று கடைசியில் ஒரு பகிடிக்கு முயற்சி செய்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வசதியுள்ள பெற்றோருக்கு இது பெரிய விசயமில்லை. சிலர் நல்லது என்றுகூட நினைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேலிக்கு அங்கால் நின்று அந்தத் தாய் சொன்ன இரண்டு பஸ். பயந்தபடியேதான் நடந்தது. பெரிய பள்ளிக்கூடம் என்றால் மகளை மறிப்பதென்று தாய் முடிவெடுத்துவிட்டார். தங்கச்சியை யார் கூட்டிவருவது, பொழுதுபட்டு வருகிற பிள்ளையை எந்தச் சந்தியில் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று என்னைக் கேட்டார். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரச் சோதினைக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது என்று நான் கெஞ்சியும் பார்த்தேன். லக்சிகாவுக்கு எல்லாம் தெரியும். அழவில்லை. அடுத்த புதன்கிழமை கூட்டம் முடிந்து, தங்கச்சியை எழுப்பிச் சப்பாத்துப் போட்டுவிட்டபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "அங்கை மன்றம் எந்தக் கிழமை ரீச்சர்?"

மைக் அவளின் கையில்

அதிகாரி வந்த நாளில் பெற்றோர் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். பெற்றோர் கதைப்பதற்கு மைக்கை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நான் லக்சிகாவிடம் கொடுத்திருந்தேன். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்று பார்த்துத்தான் கொடுத்தேன். சஞ்சீவனின் தகப்பன் மைக்கை வாங்கினார். தன் மகனுக்கு ஒரு ஆய்வுகூடம் வேண்டும், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் வேண்டும், அது இங்கே இல்லை, ஆகவே வகுப்புகளைச் சேர்க்கலாம் என்று முன்மொழிகிறேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மைக்கைத் திரும்ப லக்சிகாவிடம் கொடுத்துவிட்டு அமர்ந்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இதை வழிமொழிபவர் யார் என்று கேட்டார். ஆளுக்காள் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போது நாலு ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில் கேட்டது: வழிமொழிகிறேன்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இரண்டாவது வரிசையில் இருந்த தாய் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். லக்சிகா மைக்கைப் பார்த்தாள், அது தன்னிடம் எப்படி வந்தது என்பதுபோல. மாணவி வழிமொழிய முடியாது, அது கணக்கில் வராது என்று அதிபர் அவசரமாக எழும்பிச் சொன்னார். அதிகாரி சிரித்தார். கணக்கில் வராவிட்டால் பரவாயில்லை, ஏன் பிள்ளை வழிமொழிந்தனீர் என்று கேட்டார். இத்தனை மன்றத்தில் இத்தனை காலம் அவள் தப்பித்திருந்த கேள்வி அது. பழக்கத்தில் வந்துவிட்டது சேர் என்றாள். மண்டபம் சிரித்தது, விவாதப் போட்டியில் சிரித்த அதே சிரிப்பு. இப்போது அமர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அதிகாரி விடவில்லை. அப்படியென்றால் உம்முடைய விருப்பம் என்ன என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்காக நானே ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நல்லவேளை, எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று வரிசைக் கதிரைகள் இருந்தன. அவள் அமரவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான் சேர். ஆனா இஞ்சை நான் வராட்டிக் கூட்டம் நடக்காது. அங்கை நான் வராட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

வழிமொழிய ஆள் வேணும்

அன்றைக்கு அந்த முன்மொழிவை வேறு யாரும் வழிமொழியவில்லை. சஞ்சீவனின் தகப்பனும் பிறகு மைக்கைக் கேட்கவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் சோதினை எழுதி முடியும்வரை வகுப்புகள் இங்கேயே இருக்கட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தை மாதம் தகப்பன் சஞ்சீவனை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். போகும்போது அவன் எல்லா மன்றத்தின் பெயரிலும் என்னிடம் தனித்தனியாக விடைபெற்றான், அதற்கே அரைமணித்தியாலம் எடுத்தது. அவன் இல்லாமல் அந்த வகுப்பறை கொஞ்சக் காலம் வெறிச்சென்றுதான் இருந்தது. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஒரேயடியாக எல்லா மன்றமும் தலைவர் இல்லாமல் நின்றது. தெரிவுக் கூட்டத்தில், தலைவர் பதவிக்கு ஒரு பெயரை முன்மொழியுங்கோ என்று கேட்டுவிட்டு நான் காத்துக்கொண்டு நின்றேன். யன்னலோரத்து மூன்றாவது வாங்கிலிருந்து லக்சிகா எழும்பினாள். தன்னுடைய பெயரையே முன்மொழிந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லுவதற்கு ஆயத்தமாக நிற்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பழக்கப்படி அந்த வாங்கைத் திரும்பிப் பார்த்து, வழிமொழிகிற சத்தம் வரும் என்று காத்திருந்தார்கள். வழிமொழிகிறவள் முன்மொழிந்துவிட்டு நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் மூளையில் ஓடவில்லை. வேறு யாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமும் இல்லை. அவளுடைய கை வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இருந்துவிடுவாள், இருந்தால் பிறகு எழும்பமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

பொறுப்பாசிரியர் வழிமொழியக்கூடாது என்பது விதி. நான் வழிமொழிந்தேன். செயலாளர் விதி தெரிந்த பிள்ளை. ரீச்சர்மார் வழிமொழியலாமோ என்று எழும்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் ஏன் வழிமொழிந்தேன் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முதல், புதிய தலைவர் தன்னுடைய முதலாவது தீர்ப்பைச் சொன்னாள்: "வழிமொழியிற ஆளை ஏன் எண்டு கேக்கிறேல்லை."

இந்த வருடப் பொறுப்புப் பிரிக்கும் கூட்டத்துக்குப் பல்லெல்லாம் பத்திரமாக இருக்க முன்வரிசையில் போய் இருந்தேன், அப்படியிருந்தும் எல்லா மன்றமும் என் தலையிலேயே விழுந்தது, என்ன, இந்த முறை என் பெயரை வழிமொழிந்ததும் நானேதான்.